சங்கிலிச் சத்தம்

என் வீட்டுக்காரருடைய அண்ணனை நான் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது அந்த வாய் எனக்குக் கிடையாது. யாராவது கேட்டால் 'முன்வீட்டு ஆள்' என்பேன். கேரள எல்லைக்குள் வெள்ளறடைப் பக்கம், ரப்பர் நட்ட ஒரு சரிவில், ரோட்டை ஒட்டி அவர் வீடு. அதற்குப் பின்னால் மேட்டில் எங்கள் வீடு. நாங்கள் ரோட்டுக்கு இறங்க அவருடைய சிட்டவுட்டுக்கு, அதாவது முன்திண்ணைக்கு, முன்னால் போகிற ஒற்றை வழிதான் உண்டு. மாமனார் பாகம் பிரித்தபோது, "பின்னால உள்ளவனுக்கு இதாக்கும் வழி" என்று வாயால் சொன்னார், அதோடு சரி. பத்திரத்தில் எழுதவில்லை. அப்போது பக்கத்தில் நின்று தலையாட்டிய மூத்த மகனுக்கு, அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அது எதுவும் ஞாபகமில்லை.

அவருக்கு அந்த வழியை அடைத்து மதில் கட்ட வேண்டும். கல் இறக்கிப் போட்டாயிற்று. ஆனால் ஆள் நடக்கிற வழியை அப்படி அடைத்துவிட முடியாது. காலங்காலமாக நடந்த வழிக்கு ஒரு பாத்தியதை உண்டு. பஞ்சாயத்தில் கேட்பார்கள், கோர்ட்டில் கேட்பார்கள். யாரும் நடக்காத வழி என்றால் கேட்க நாதியில்லை. புல் முளைத்துக் கிடப்பதைக் காட்டி, "ஈ வழியே ஆரும் நடக்காறில்ல சாரே" என்று சொன்னால் வேலை முடிந்தது. அதிகாரம் உள்ளவர்களிடம் அவர் மலையாளத்தில்தான் குழைவார். எங்களை ஏசுவதற்குத் தமிழை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் விடியுமுன்பே ரப்பர் பால்வெட்ட மேல்தோட்டத்துக்குப் போகிறவர், அவருக்கு அந்த வழி அவ்வளவாகத் தேவைப்படாது. தினமும் அதில் இறங்குவது நானும் என் மகளும். அவள் நாலாம் வகுப்பு. நான் பாறசாலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். ஆக, எங்கள் இரண்டு பேரையும் நடக்கவிடாமல் செய்துவிட்டால் வழி அவருக்கு.

அதற்குத்தான் நாய் வாங்கினார்.

நாயைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு காது மடங்கிய செவலைக் குட்டி. வழியோரத்துப் பலாமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். நான் போகும்போது மீன்தலை போடுவேன், மகள் பிஸ்கட் போடுவாள். எங்கள் காலடி கேட்டதுமே வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். அவர் சிட்டவுட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக் கரித்துக்கொட்டுவார். "தீனி போடதுக்கு ஆளு உண்டு, கொரைக்கதுக்குத்தான் நாயில்ல" என்று ஒரு நாள் சொன்னது எனக்குக் கேட்டது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது நாய் மாறியது. காலையில் மகளை ஸ்கூல் பஸ்ஸுக்கு விடுவதற்கு நான் நைட்டியோடுதான் போவேன். தோளில் ஒரு துவர்த்து, தலை துவட்டுகிற துண்டு. இந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். நைட்டியின் மேல் ஒரு துவர்த்தைப் போட்டுவிட்டால் அது உடுப்பு முடிந்த மாதிரி. கடைக்குப் போகலாம், ரேஷன் வாங்கலாம், பக்கத்து வீட்டில் சண்டையும் போடலாம். அன்று காலையில் நாங்கள் பலாமரத்தை நெருங்கியதும் சங்கிலி கரகரவென்று இழுபட்டது. அடுத்த நொடி நாய் என்மேல் பாய்ந்தது. சங்கிலி இழுத்துப் பிடித்ததால் தப்பித்தேன். அது பற்களைக் காட்டிக்கொண்டு பின்காலில் நின்றது. மகள் என் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். சிட்டவுட்டில் பேப்பர் அசையவே இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்து, சேலை மாற்றிக்கொண்டு அதே வழியில் வேலைக்கு இறங்கினேன். கையில் கம்பு வைத்திருந்தேன். நாய் எழுந்து வாலாட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் அதேதான்: காலையில் கடிக்க வந்தது, பத்து மணிக்குக் கொஞ்சியது. இந்த நாய்க்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினேன்.

அதற்கடுத்த வாரம் சங்கிலியின் கொக்கி விட்டுப்போனது. மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். நைட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. மகள் கால் தட்டிப் பக்கத்து நீர்ச்சாலில் விழுந்து, சேற்றிலேயே கிடந்து கத்தினாள். முன்வீட்டு ஆள் அப்போதுதான் எழுந்து வந்து, "கட்டு அவுந்து போச்சு" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசிக்கு வரிசையில் நின்றபோது அந்த மனிதரை நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லி மனதுக்குள் ஏசினேன்.

பைத்தியம் யாருக்கு என்பது அதற்கப்புறம் தெரிந்தது. கொடியில் காயப்போட்ட நைட்டி ஒன்று மழைக்கு முன்பே காணாமல் போயிருந்தது, இப்போது என்னுடைய நீலப்பூ நைட்டியையும் காணவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று கீழே தேடிக்கொண்டு இறங்கினேன். அவருடைய ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைக்குப் பின்னால் நாய் ஊளையிடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். என் நைட்டியைப் போட்டுக்கொண்டு, தோளில் துவர்த்தும் போட்டுக்கொண்டு, முன்வீட்டு ஆள் நாயை விளாசிக்கொண்டிருந்தார். மீசை, தொந்தி, அதற்கு மேல் என் நீலப்பூ. அடித்து முடித்ததும் புகைப்புரைக்குள் போனார். கைலியும் சட்டையுமாக வெளியே வந்தார். கையில் மாட்டெலும்பு. நாயின் தலையைத் தடவி எலும்பைக் கொடுத்தார். நாய் நடுங்கிக்கொண்டே அதை நக்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் உள்ளே போய் நைட்டியோடு வந்தார். நாய் அவரைப் பார்த்ததுமே உறுமியது. அவருக்கு மகா திருப்தி. நிமிர்ந்தவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"எனக்க நைட்டியக் கழத்தித் தாரும்" என்றேன்.

"ஏது நைட்டி?" என்று கேட்டார். நைட்டியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீரு போட்டிருக்கது."

அவர் குனிந்து தன்னைப் பார்த்தார். பிறகு, "எனக்க நாயி, எனக்க பூமி. நாயப் படிப்பிக்கது எனக்க இஷ்டமாக்கும்" என்று சொல்லி, நைட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகைப்புரைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். போனில் ஏதோ வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் நைட்டி போட்டாரா?" என்று சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு, "அவருகிட்ட நான் என்ன கேப்பேன்? போவட்டும் விடு" என்றார். இந்த 'போவட்டும் விடு' இருக்கிறதே, அண்ணன் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இதனால் வந்தது.

சரி, நைட்டிதானே. அடுத்த நாளிலிருந்து காலையிலேயே சேலை கட்டிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். நினைத்தது போலவே நாய் வாலாட்டியது. ஆனால் மகள் பலாமரம் வந்ததும் நின்றுவிட்டாள். நான் சேலைதான், நாய் சும்மாதான் நிற்கிறது, பார் என்று காட்டினேன். நாய்க்குச் சேலை புரிந்தது. பிள்ளைக்குப் புரியவில்லை. வாலாட்டியபோது சங்கிலி கரகரத்தது, அவளுக்கு அது போதுமாயிருந்தது. தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு இறங்கினேன்.

இனி அந்த நாயின் கதை. முன்வீட்டு ஆளின் மனைவி, தன் மகளின் பிரசவத்துக்காகக் காட்டாக்கடையில் போய் இருந்தவள். நாய் வந்தபோது அவள் இங்கே இல்லை. பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளுக்கு மருந்துக்கஞ்சி கொடுத்து முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். வந்ததும் பயணச் சேலையை அவிழ்த்துப்போட்டு, நைட்டி மாட்டி, தோளில் துவர்த்தைப் போட்டாள். பாவம், நாய்க்குச் சோறு எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனாள். தினமும் நூறு பெண்களை அந்த வேஷத்தில் பார்க்கிற மனிதர், தன் பெண்டாட்டியும் அதைத்தான் உடுப்பாள் என்று நினைக்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது என்னுடைய நைட்டி. நாய் அவள் முழங்கைக்குக் கீழே சதையைக் கிழித்துவிட்டது.

அவள் கத்தியது மேட்டுக்குக் கேட்டது. நான்தான் ஓடிப்போய் ஆட்டோ கூப்பிட்டு ஏற்றினேன். அவள் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "நாயி நிக்குதுண்ணா நான் நிக்கமாட்டேன்." அம்பூரிப் பக்கம் ஒரு எஸ்டேட்காரன் வந்து நாயைக் கொண்டுபோனான். ஜீப்பில் ஏற்றும்போது நான் சேலையில் நின்றேன். நாய் என்னைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே போனது. அங்கேயும் நைட்டி போட்ட பெண்கள் இருப்பார்களே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். நாய் இல்லாத முதல் திங்கட்கிழமை, மகளைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பலாமரத்தடி வெறுமையாகக் கிடந்தது. "பாத்தியா, நாயி போச்சு" என்று சொல்லி வாய் மூடவில்லை, கரகரவென்று சங்கிலி. சிட்டவுட்டின் கிரில்லில் நாய்ச்சங்கிலியைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் சங்கிலி. எங்களைப் பார்க்காமலே குலுக்கினார். மகளுக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. யூனிபார்ம் பாவாடை நனைந்து, வெள்ளைச் சாக்ஸுக்குள் இறங்கியது. அவளைத் தூக்குவதற்குக் குனிந்தபோதுதான் கவனித்தேன், என் கை என் கெண்டைக்காலைப் பொத்திக்கொண்டிருந்தது.

நான் பி.எட். படித்தவள். வேலை கிடைக்காத பி.எட். ஒரு நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்தால், பிறகு வெறும் மணிக்கே அதற்கு எச்சில் ஊறும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்தப் பாடம் முழுக்க நாய்க்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஆள் மழைக்காலம் பூராவும் படிப்பித்தது எங்களை. நாய் அவருக்குக் கையில் பிடிக்கிற கம்பு மாதிரி. படிப்பு முடிந்ததும் கம்பு தேவைப்படவில்லை, சத்தம் போதும். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன, கால் கேட்க வேண்டுமே.

அதற்குப் பிறகு மகள் அந்த வழியில் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். பின்பக்கத்து ரப்பருக்குள் ஏறி, ஓடைக்கரையில் இறங்கி, வழுக்குப் பாறைகளைத் தாண்டி, சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். பாதி நாள் பஸ் போய்விடும். இரண்டு முறை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். நானும் அவளோடு சுற்றித்தான் போனேன். வேலைக்குப் போகும்போதும், தனியாகத் திரும்பும்போதும் அப்படியேதான் வந்தேன். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டேன். வழியில் புல் ஏறியது. தொட்டாச்சிணுங்கி படர்ந்தது. முன்வீட்டு ஆள் போனை நீட்டி நீட்டி அதைப் போட்டோ எடுப்பதை மேட்டிலிருந்து பார்த்தேன். ஓணம் கழிந்ததும் பஞ்சாயத்து மெம்பர் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று ஊரில் பேச்சு.

நாசமாய்ப் போக என்று ஏசிக்கொண்டே ஒரு நாள் வெள்ளறடைச் சந்தையில் அதே மாதிரி ஒரு நாய்ச்சங்கிலி வாங்கினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இதெதுக்கு? எனக்கா?" என்றார். "தேவப்பட்டா ஒமக்குந்தான்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெட்டையாடு உண்டு. மகளுக்கு உயிர். இலைக்கொத்தோடு பலாக்குழை ஒடித்து வந்து ஆட்டுக்குப் போடுமுன் சங்கிலியைக் குலுக்கினேன். முதல் நாள் மகள் உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. குலுக்கினேன், குழை போட்டேன். காலையும் மாலையும் அதே. ஆட்டுக்குப் பி.எட். தேவைப்படவில்லை, சீக்கிரமே சங்கிலி அசைந்தால் எங்கே இருந்தாலும் துள்ளிக்கொண்டு வரத் தொடங்கியது. பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் நின்று, காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஆடு என்னை முட்டித் தள்ளிக் குழையைப் பிடுங்குவதைக் கண்டு ஒரு நாள் சிரித்துவிட்டாள். சிரிப்பதற்குக் காதிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"நாயி இல்ல மக்கா, வெறும் சங்கிலியாக்கும்" என்று நான் எத்தனையோ தரம் சொன்னதுண்டு. அப்போதெல்லாம் நடக்காதது, ஆடு வந்து நடந்தது. கொஞ்ச நாளில் அவளே சங்கிலியை வாங்கிக் குலுக்கினாள், கையைத் தூரமாக நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. ஓணப் பரீட்சை முடியும்போது கண்ணைத் திறந்துகொண்டே குலுக்கினாள். இருந்தாலும் பலாமரத்தைத் தாண்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுருங்கிவிடும். வீட்டு முற்றத்துச் சங்கிலி வேறு, அந்தச் சங்கிலி வேறு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, நான் சொல்லவில்லை.

ஓணம் கழிந்து, மெம்பர் வந்தார். காலையில், நாங்கள் கிளம்புகிற நேரம். மேட்டிலிருந்து பார்க்கிறேன், முன்வீட்டு ஆள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, புல்லைக் காலால் விலக்கி விலக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார். "ஈ வழியே ஆரும் நடக்காறில்ல சாரே." இன்று நடக்காவிட்டால் இனி நடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மகளின் கையைப் பிடித்தேன். "மக்கா, இண்ணைக்கு மட்டும் அம்மைக்காக வா" என்றேன். அவள் வந்தாள். கை ஈரமாக இருந்தது. பின்னால் ஆடும் வந்தது, அவிழ்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

பலாமரம் வந்தது. முன்வீட்டு ஆள் எங்களைப் பார்த்தார். மெம்பரோடு பேசிக்கொண்டே சும்மா நடப்பது போல சிட்டவுட்டுக்குப் போய், கிரில்லில் கை வைத்து, சங்கிலியைக் குலுக்கினார். கரகர.

மகள் நின்றாள். நானும் நின்றேன். ஆடு நிற்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, நாலுகால் பாய்ச்சலில் இறங்கி, சிட்டவுட்டில் ஏறி, முன்கால்களைத் தூக்கி அவருடைய வெள்ளைச் சட்டையில் வைத்து, அவர் கையை முகர்ந்தது. அவர் "போ சனியனே" என்று சங்கிலியால் விரட்டினார். சங்கிலி அசைய அசைய ஆடு இன்னும் நெருங்கியது. குழை எங்கே என்று இடுப்பில் முட்டியது. ஒன்றும் கிடைக்காமல், அவர் மனைவி சட்டியில் வளர்த்த ஆந்தூரியத்தைக் கடித்து இழுத்தது. அவர் சங்கிலியை ஓங்கினார்.

"எனக்க ஆடு" என்று ஒரு குரல். மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். புல்லை மிதித்து, தொட்டாச்சிணுங்கியை மிதித்து, நேரே அவர் வாசற்படி வரைக்கும் ஓடினாள். ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "பெரியப்பா, அதக் குலுக்காதுங்க. குலுக்குனா ஆடு வந்திரும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மெம்பர் சங்கிலியைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், புல்லில் விழுந்த காலடித் தடத்தைப் பார்த்தார். "ஆரும் நடக்காறில்லென்னு பறஞ்ஞிட்டு?" என்று அவர் சொன்னதையே திருப்பிக் கேட்டார். முன்வீட்டு ஆள் இரண்டு பாஷையையும் விட்டுவிட்டு, ஆடு சட்டையில் வைத்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினார். கதவுக்குப் பின்னால் அவர் மனைவி, கையில் தழும்போடு நின்றவள், "கேக்கட்டும், மெம்பரு நல்லா கேக்கட்டும்" என்றாள். வழியை அடைக்கக் கூடாது என்றுவிட்டு மெம்பர் போனார், மதில் வேலை அத்தோடு நின்றது. கல் அங்கேயேதான் கிடக்கிறது, பாசி பிடித்து. எங்களுக்குள் பேச்சு இல்லை, இனியும் இருக்காது.

ஆனால் அன்று ஒன்று நடந்தது. மகள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ரோட்டோரம் நின்று என்னைப் பார்த்தாள். நான் இன்னும் பலாமரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். வரச்சொல்லிக் கை காட்டினாள். கிரில்லில் சங்கிலி தானாக ஆடிக்கொண்டிருந்தது. என் கெண்டைக்கால் இறுகிப்போய், ஒரு அடி எடுத்து வைக்க வரவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். அவள் ஆட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நாயி இல்லம்மா" என்றாள். "வெறும் சங்கிலியாக்கும்."

"தெரியும் மக்கா."

சிட்டவுட்டில் அவர் சட்டையிலிருந்த சேற்றைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பு இன்னும் என் காலில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் இன்று வரைக்கும் அந்தச் சங்கிலியை அவர் கழற்றவில்லை. நானும் இன்று வரைக்கும் பலாமரத்தடியில் ஒரு தடவை நிற்கிறேன், அவர் முகத்தை ஒரு தடவை பார்க்கிறேன், பிறகு நடக்கிறேன்.